சித்திர வானொலியும் சித்திரதீபமும்

கணினியில் சித்திரம் பயில்கிறவர்களுக்கு எந்த ஊரிலும் வழக்கமாக உள்ள அப்பியாசம் ஒன்று உண்டு. வானொலிப் பெட்டி, புகைப்படக் கருவி, கைப்பேசி போன்ற ஏதேனும் ஒரு மின்னணுச் சாதனத்தை எடுத்துக்கொண்டு, புகைப்படத்தின் ஒரு துணுக்கையும் ஒட்டாமல், முற்றிலும் தம் கையாலேயே திரையில் எழுதி, பார்ப்பவர் அதைப் புகைப்படம் என்றே எண்ணும்படி தத்ரூபமாக முடிப்பதுதான் அது. கண்ணையும் கையையும் பழக்குவதற்காக ஏற்பட்ட இந்தப் பயிற்சியினுள்ளே, தத்துவ விசாரத்தில் பற்றுடையவர்கள் எளிதில் தாண்டிச் செல்ல முடியாத கேள்வி ஒன்று அடங்கிக் கிடக்கிறது. பாடாத வானொலியை, திருகினால் சுழலாத குமிழை, தொட்டால் சுடாத விளக்கை, நாட்கணக்கில் உட்கார்ந்து உண்மைபோலவே சமைப்பதனால் மனிதனுக்கு உண்டாகும் சிரேயஸ் என்ன? காணப்படும் உலகமே ஒரு தோற்றம் என்று ஆசாரியர்கள் எச்சரித்திருக்க, அத்தோற்றத்தின்மேல் மற்றொரு தோற்றத்தையும் ஏற்றிவைப்பது மயக்கத்தை இருமடங்காக்குவது ஆகாதா?

இக்கேள்வியை ஆராய்வதற்கு மைசூரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலஸ்வாமி, விட்டல் விஹார் என்ற தம்முடைய இல்லத்திலேயே சிறியதோர் ஒலிபரப்பியை அமைத்து, 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி ஆகாசவாணி என்ற பெயரோடு வானொலி நிலையம் தொடங்கியது இவ்வூரில்தான். அந்தப் பெயரே பிற்காலத்தில் பாரத தேசத்து வானொலி முழுமைக்கும் உரியதாயிற்று. அதே கல்லூரியில் அவருக்கு முந்திய தலைமுறையில் ஸம்ஸ்கிருதம் போதித்த எம். ஹிரியண்ணா, கலையனுபவத்தின் ஸ்வரூபத்தை வேதாந்தத்தின் துணைகொண்டு தெளிவுற ஆராய்ந்தவர். சித்திரச் செல்வம் நிறைந்த ஜகன்மோகன் அரண்மனையும், ஸ்ரீராமாநுஜ தரிசனத்தைப் போற்றி வளர்த்துவரும் பரகால மடமும் இங்கே அண்டை அயலாக நிற்கின்றன. ஆகவே, எழுதப்படும் பொருள் பழைய வால்வு வானொலி என்றும், எழுதுகிறவர் மைசூரில் பயிலும் மாணவர் என்றும் வைத்துக்கொண்டு இந்த விசாரத்தைத் தொடங்குவோம்.

இப்பணிக்குரிய மென்பொருள்களில் மிகவும் பிரசித்தமானது, தாமஸ் நால், ஜான் நால் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் இயற்றி 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப். அதைத் திறக்குந்தோறும் முகப்பில் தோன்றும் பெயர் வரிசையிலே சீதாராமன் நாராயணன் என்ற பெயர் பல்லாண்டுகள் இடம்பெற்றிருந்ததைக் கண்டு நம் மாணவர் பலர் மகிழ்ந்ததுண்டு. அதை விலைகொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு, கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையின் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் 1996-இல் பொதுமக்களுக்கு வழங்கிய கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. கருவி எதுவாயினும் முறை ஏறக்குறைய ஒன்றே. 1994-இல் ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பு முதலாக லேயர்கள் என்ற ஏற்பாடு வந்தது. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கியதுபோல, அடியில் மேஜை, அதன்மேல் நிழல், அதன்மேல் பெட்டி, அதன்மேல் குமிழ், அதற்கும் மேலே பளபளப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி, வேண்டும்போது காட்டவும் வேண்டாதபோது மறைக்கவும் அது இடங்கொடுக்கிறது. மைசூர் மரபுச் சித்திரக்காரர்கள் இம்முறையைத் தங்கள் வழியில் முன்னரே அறிந்தவர்கள். பலகையின்மேல் வெண்பூச்சிட்டுத் தளத்தைச் சித்தப்படுத்தி, புளியங்குச்சியைச் சுட்ட கரியால் கோடிட்டு, முதலில் ஆகாயமும் மலையும் நதியுமாகத் தூரத்துப் பொருள்களைத் தீட்டி, பிறகு உருவங்களுக்கு வந்து, இறுதியிலேதான் ஆபரணங்களைப் புடைப்பாக எடுத்துப் பொன் ரேக்கு ஒட்டுவது அவர்களுடைய கிரமம்.

வானொலியை எழுதத் தொடங்கும் மாணவர் முதன்முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டியது, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்பது. அது நிச்சயமான பிறகு மற்றவையெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. ஒரு குமிழை மட்டும் எடுத்துக்கொண்டு அருகில் நின்று பார்ப்போம். கரிய பேக்கலைட்டாலான அக்குமிழ், முதலில் வெறும் கரிய வட்டமாகவே திரையில் இருக்கிறது. இடப்புறத்து ஜன்னலின் வெளிச்சம் அதன் தோளில் படுவதாகக் கொண்டு, கருமையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மெல்ல மாறும் ஒரு சாயலை மாணவர் அதன்மேல் ஓட்டுகிறார், வட்டம் உருண்டுவிடுகிறது. விரல் வழுக்காமலிருக்க விளிம்பைச் சுற்றி வெட்டிய வரிகள் ஒவ்வொன்றுக்கும் ஜன்னலைப் பார்த்த பக்கத்தில் ஒரு மெல்லிய வெண்கோடும், மறு பக்கத்தில் ஒரு கருங்கோடும் இடுகிறார். ஜன்னலை நேராகப் பார்க்கும் வரியில் கோடு பளிச்சென்றும், அப்பாற் செல்லச் செல்ல மங்கியும் இருக்க வேண்டும். குமிழின் நெற்றியில் ஜன்னலின் நான்கு கட்டங்களும் வளைந்து சிறுத்து ஒரு வெண்புள்ளியாகத் தெரிகின்றன. அடிவிளிம்பில், மேஜைப் பலகையின் செம்மை லேசாகப் படிந்திருக்கிறது. பெட்டியின்மேல் குமிழ் வீழ்த்தும் நிழல், ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும் கருமையாகவும் தொடங்கி, விலகும் இடத்தில் கரைந்து வெளுத்துவிடுகிறது. முழுவதும் ஒரே கருமையாக இருந்தால் குமிழ் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

இவ்வளவும் செய்து முடித்த மாணவருக்கு, யாரும் உபதேசியாமலேயே ஓர் உண்மை புலப்படத் தொடங்குகிறது. குமிழின் பளபளப்பு என்று இதுவரை அவர் நினைத்திருந்தது குமிழுக்குச் சொந்தமானதன்று. அது அறையின் ஜன்னல் குமிழில் தங்கியிருக்கும் விதம். குமிழை எழுத வேண்டுமானால் ஜன்னலையும் மேஜையையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. தனித்து நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றும் ஒவ்வொரு வஸ்துவும், தன்னைச் சூழ்ந்த எல்லாவற்றையும் கடன் வாங்கிக்கொண்டே காட்சியளிக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்தவர் அநேகர். விரல் நுனியில் வரிவரியாகச் செய்து பார்த்து அறிவது அதனினும் உறுதியான அறிவு என்பதே என் எண்ணம்.

ஆயினும் ஆக்ஷேபத்தை அவ்வளவு விரைவில் ஒதுக்கிவிட முடியாது. கிரேக்க தேசத்து பிளேட்டோ தம்முடைய குடியரசு என்னும் நூலின் பத்தாம் புத்தகத்தில், கட்டில் என்ற ஆதர்சம் ஒன்று, அதைப் பார்த்துத் தச்சன் செய்த கட்டில் மற்றொன்று, அதையும் பார்த்து ஓவியன் எழுதிய கட்டில் மூன்றாவது என்று வரிசைப்படுத்தி, ஓவியன் சத்தியத்திலிருந்து அத்தனை தூரம் விலகியவன் என்று தீர்ப்புக் கூறினார். நம்முடைய சித்திர சாஸ்திர மரபில் பொருளின் ஒப்புமையாகிய ஸாத்ருச்யம் அங்கீகரிக்கப்பட்டது உண்மைதான். எனினும் சித்திரத்தின் ஆறு அங்கங்களாக ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்யம், ஸாத்ருச்யம், வர்ணிகாபங்கம் ஆகியவற்றைச் சொன்ன யசோதரர், அந்த ஆறில் ஒன்றாகவே அதை வைத்தார். அப்படியிருக்க, அந்த ஓர் அங்கத்தையே முழுமுதலாகக் கொண்டு புகைப்படத்தோடு போட்டியிடும் பயிற்சியில் பாவத்துக்கும் லாவண்யத்துக்கும் இடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நாம் விடை சொல்ல வேண்டியவர்களாகிறோம்.

முதற்கண், சித்திரத்தைக் கண்டு உண்டாகும் அறிவு எத்தகையது என்பதை நம் ஆலங்காரிகர்கள் விசாரித்திருக்கிறார்கள். நாடக ரஸத்தைப் பற்றி ஆராய்ந்த ஸ்ரீசங்குகர், எழுதிய குதிரையைப் பார்த்து 'இது குதிரை' என்று எழும் ஞானத்தை எடுத்துக்கொண்டார். அது உண்மைக் குதிரையைக் கண்ட ஞானமன்று. ஏறிச் செல்ல யாரும் முற்படுவதில்லையாதலால் பிரமையும் அன்று. குதிரையோ அல்லவோ என்ற சந்தேகமும் அங்கே இல்லை. குதிரையைப் போன்றது என்று ஒப்பிட்டு நிறுத்தும் அறிவாகவும் அது நிற்பதில்லை. இந்நான்கிலும் அடங்காத தனி வகை ஞானம் அது என்பது அவர் முடிவு. திரையில் எழுதிய வானொலிக்கும் இது பொருந்தும். அதைப் பார்க்கிறவர், குமிழைத் திருகக் கைநீட்டுவதில்லை. ஆயினும் வானொலியையே பார்க்கிறார். உடைமையும் உபயோகமும் கழன்றுபோன பிறகு எஞ்சும் அந்தப் பார்வையில்தான், ஹிரியண்ணா கலையின் மேன்மையைக் கண்டார். கலையை அனுபவிப்பவன் தன்னுடைய சொந்த லாப நஷ்டங்களைச் சிறிது நேரம் மறந்து நிற்பதனால் அவ்வநுபவம் முக்தி நிலைக்கு ஒருவாறு ஒப்பாகிறது என்றும், புறப்பொருளைச் சார்ந்து எழுவதாகையால் அது நிலைத்திருப்பதில்லை என்றும், ஞானத்தில் வேரூன்றிய சாந்தியே நிலைப்பது என்றும் அவர் வகுத்துக் காட்டினார். அவர் 1950-இல் மறைந்த பின்னர், 1954-இல் இதைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் மைசூரிலேயே நூலாக வெளிவந்தன.

பார்ப்பவனுக்குக் கிடைப்பது ஒரு க்ஷணிகமான விடுதலை என்றால், எழுதுகிறவனுக்குக் கிடைப்பது யாது என்ற கேள்வி இன்னும் மீந்திருக்கிறது. அதற்கு விடை தேடி, பதினான்காம் நூற்றாண்டில் சிருங்கேரி பீடத்தை அலங்கரித்த வித்யாரண்யரிடம் செல்கிறேன். அவர் பெயரால் வழங்கும் பஞ்சதசி என்னும் வேதாந்த நூலின் 15 பிரகரணங்களில் ஆறாவதற்குச் சித்திரதீபம் என்று பெயர். துணியில் எழுதும் சித்திரத்துக்கு நான்கு நிலைகள் உண்டென்று அதன் தொடக்கத்திலேயே காட்டுகிறார். வெளுத்துத் தூய்மையான துணி முதல் நிலை. கஞ்சியிட்டு விறைப்பாக்கியது இரண்டாவது. மையினால் உருவங்களின் கோடுகளை இட்டது மூன்றாவது. வர்ணம் தீட்டி நிறைவேற்றியது நான்காவது. அவ்வாறே பரமாத்மாவும், தன்னிலையில் சுத்த சைதன்யமாகவும், மாயையோடு கூடியபோது அந்தர்யாமியாகவும், சூக்ஷ்ம சிருஷ்டியில் சூத்ராத்மாவாகவும், ஸ்தூல சிருஷ்டியில் விராட்டாகவும் சொல்லப்படுகிறது. நான்கு நிலைகளிலும் துணி ஒன்றே.

அதற்குமேல் அவர் கூறும் ஒரு நுட்பந்தான் நம்முடைய விஷயத்துக்கு மிகவும் அணுக்கமானது. துணியில் எழுதிய மனிதர்களுக்கு ஆடைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஆடை, சித்திரத்துக்கு ஆதாரமாயுள்ள மெய்யான துணியைப் போலவே தோற்றமளிக்கிறது. துணியின்மேல் துணியின் சாயல்! ஆதாரமான சைதன்யத்தில் கற்பிக்கப்பட்ட ஜீவர்களிடம் தோன்றும் அறிவின் சாயலும் இவ்விதமே என்றும், சாயலுக்கு நேரும் சுக துக்கங்களை ஆதாரத்துக்கே நேர்ந்தனவாக எண்ணுவது அஞ்ஞானம் என்றும் அவர் விளக்குகிறார். எழுதிய மலைகளுக்கு யாரும் ஆடை உடுத்துவதில்லையாதலால், ஜடப்பொருள்களில் அத்தகைய சைதன்யச் சாயல் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். வானொலி ஜடமாகையால், அவர் வகுத்த உபமானத்தை அதன்மேல் அப்படியே ஏற்றிவிடுவது முறையாகாது. ஆயினும், ஆதாரத்தின் மீதே ஆதாரத்தின் சாயலை எழுதுவது என்ற அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், நம்முடைய மாணவர் தமக்குத் தெரியாமலேயே சித்திரதீபத்தின் வாசலில் வந்து நிற்பதைக் காண்கிறோம்.

எப்படியெனில், பழைய வால்வு வானொலியின் முகத்தில் நகரங்களின் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடி ஒன்று உண்டு. பெட்டியை முடுக்கியதும் அதன் பின்னே சிறு விளக்கு எரிந்து, கண்ணாடி முழுவதும் தேன் நிறத்தில் ஒளிரும். அவ்வொளியை எழுதினால்தான் சித்திரம் உயிர்பெறுகிறது. மாணவர்கள் அதிகம் சிரமப்படுவதும் அங்கேதான். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் 0 முதல் 255 வரை அளவிடப்படுகின்றன. மூன்றும் 255-ஆக நிற்பது வெள்ளை. அதற்கு மேற்பட்ட பிரகாசம் அத்திரையில் இல்லை. வேலை தொடங்குமுன் மாணவர் எதிரே விரிந்திருந்த வெற்று வெண்பரப்பு முழுவதும் அந்த உச்ச அளவிலேயே இருந்தது. ஆகவே, அவர் எவ்வளவு திறமையோடு எழுதினாலும், எழுதும் விளக்கு அந்த வெற்றுப் பரப்பைக் காட்டிலும் பிரகாசமாக இருக்கப்போவதில்லை. விளக்கை விளக்காகத் தோன்றச் செய்ய அவருக்குள்ள உபாயம் ஒன்றே: சுற்றிலும் இருளை நிரப்புவது. பெட்டியின் மரத்தை ஆழ்ந்த பழுப்பாக்கி, அறையை மங்கச் செய்து, கண்ணாடியின் நடுவிலே மட்டும் சிறிதளவு வெளிச்சத்தை விட்டுவைத்து, அதன் ஓரங்களை மெல்லக் கரைத்துவிட்டால், கண் அதைத் தீபம் என்று ஏற்றுக்கொள்கிறது.

திரையின் இயந்திர அமைப்பும் இதற்கு இசைந்ததே. இன்று பெரும்பாலும் புழங்கும் திரவப்படிகத் திரைகளில், பின்புறத்து வெளிச்சம் எப்போதும் எரிந்துகொண்டேயிருக்கிறது. அதன் முன்னே வரிசைவரிசையாக அமைந்த நுண்ணிய கதவுகள் அவ்வெளிச்சத்தை விடுவதும் தடுப்பதுமே நமக்குச் சித்திரமாகப் புலனாகிறது. எழுதிய விளக்கும் அந்த வெளிச்சமே, எழுதிய இருளும் அதே வெளிச்சம் தடுக்கப்பட்ட நிலையே. மறைக்கும் சக்தியாகிய ஆவரணமும், பலவாகக் காட்டும் சக்தியாகிய விக்ஷேபமும் மாயைக்கு உண்டென்று வேதாந்திகள் சொல்வதை, முதலில் வெளிச்சத்தை மூடி, மூடியதன்மேல் குமிழும் கண்ணாடியுமாக வடிவங்களைத் தோற்றுவிக்கும் இந்தத் தொழிலில் வைத்துப் பார்த்தால், அச்சொற்கள் வெறும் பரிபாஷையாக நில்லாமல் அநுபவமாகின்றன. படைப்பது என்பது ஒளியைக் கூட்டுவதன்று, எல்லைப்படுத்துவது என்ற தெளிவு, விளக்கை எழுதி முடித்த மாணவருக்கு வந்தே தீரும்.

திருவண்ணாமலையில் ரமண மகரிஷிகள் தம்மிடம் வந்தவர்களுக்குச் சினிமாத் திரையை உதாரணமாகச் சொல்வது வழக்கம். படத்தில் தீ எரிந்தாலும் திரை கருகுவதில்லை, வெள்ளம் வந்தாலும் நனைவதில்லை என்று அவர் ஆத்மாவின் அசங்கத் தன்மையை விளக்கினார். சினிமாவிலோ வெளிச்சம் வேறோரிடத்திலிருந்து வந்து திரையில் விழுகிறது. ஆதாரம் வேறு, பிரகாசம் வேறு. கணினித் திரையில் சித்திரத்தைத் தாங்குவதும் விளங்கச் செய்வதும் ஒன்றாகவே அமைந்திருப்பதால், தானே பிரகாசிக்கும் வஸ்து என்று உபநிஷத்துக்கள் சுட்டுவதற்கு அது இன்னும் ஓர் அடி அருகில் வருகிறது. மின்சாரம் நின்றால் அணைந்துபோகும் திரையைச் சுயம்பிரகாசம் என்று முழுமையாகச் சொல்ல முடியாதுதான். திருஷ்டாந்தம் எதுவும் சுட்டிய இடம்வரையில் அழைத்துச் சென்று நின்றுவிடும். அதற்கப்பால் அதை இழுப்பது நியாயமன்று.

ஒளியை எல்லைப்படுத்துவதே படைப்பு என்ற உண்மையைக் கணினி வருவதற்கு முன்பே நமக்குக் காட்டிய சித்திரம் ஒன்று ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1861-இல் எழுப்பிய அந்த அரண்மனை 1915 முதல் சித்திரசாலையாக விளங்குகிறது. ரவிவர்மாவின் புகழ்பெற்ற படங்கள் அங்கே இருப்பினும், ஜனங்கள் திரளாக நிற்பது எஸ். எல். ஹல்டங்கர் 1945-46-இல் நீர்வர்ணத்தில் தீட்டிய தீபமேந்திய பெண்ணின் எதிரே. தம் மகளையே மாதிரியாக நிறுத்தி எழுதிய அப்படத்தில், ஒரு கையில் விளக்கைத் தாங்கி மறு கையால் அதை மறைத்து நிற்கும் பெண்ணின் விரல்களூடே வெளிச்சம் கசிந்து, விரலோரங்கள் உள்ளிருந்தே சிவந்து கனிந்ததுபோல் தெரிகின்றன. முகத்தில் அந்தச் செவ்வொளி ஏறிப் படிந்திருக்கிறது. சுடரோ கைக்குப் பின்னே மறைந்துவிட்டது. இருட்டிய சிறு அறையில் வைத்து அதைக் காட்டுகிறார்கள். நீர்வர்ண முறையில் தேர்ந்தவர்கள் வெளிச்சத்தை வர்ணத்தால் எழுதுவதில்லை. காகிதத்தின் இயல்பான வெண்மையை மெல்லிய வர்ணத்தின் ஊடே விளங்கவிட்டு, மற்ற இடங்களைக் கருமையாக்குகிறார்கள். சித்திரதீபத்தை வாயால் பொழிப்புரைப்பவருக்குக் கைகூடாத ஒரு விளக்கம் அந்தச் சிறு அறையில் பாமரருக்கும் எளிதில் கிட்டுகிறது. புகைப்படம்போல் எழுதும் சித்திரத்தில் பாவத்துக்கு இடமுண்டா என்று முன்னர் எழுந்த வினாவுக்கும் இங்கேதான் விடை. ஸாத்ருச்யத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவருக்கே அந்த விரல்களின் கனிவு வசப்பட்டது. ஒப்புமையில் பாதியில் நின்றவர்க்கு அது வசப்பட்டிராது.

அரண்மனைக்கு அருகிலுள்ள பரகால மடத்தின் பண்டிதர் ஒருவர் இவ்வளவையும் கேட்டிருந்தால், நிச்சயமாக ஒரு தடை எழுப்பியிருப்பார். தோற்றம் ஆதாரத்தைச் சார்ந்தது என்பதனால் அது பொய் என்று எங்ஙனம் ஆகும்? ஸ்ரீராமாநுஜரின் சித்தாந்தத்தில் ஞானம் அனைத்தும் உள்ளதையே பற்றுகிறது. பிரமை என்று சொல்லப்படும் இடத்திலும், உள்ளதன் ஓர் அம்சத்தைக் கண்டு மற்றோர் அம்சத்தைக் காணாமையே குறை. திரையில் சிவந்த புள்ளி உண்மையிலேயே சிவந்திருக்கிறது. இருண்ட புள்ளி உண்மையிலேயே இருண்டிருக்கிறது. ஒளியும் நிறமும் பிரிக்க முடியாத விசேஷங்களாகத் திரையில் உள்ளன. மைசூர்த் தச்சர்களின் பதிப்பு வேலையைக் கண்டவர்கள் இவ்வாதத்தின் வலிமையை உணர்வார்கள். தோதகத்தி மரத்தில் வெவ்வேறு மரத்துண்டுகளைப் பதித்து அவர்கள் அமைக்கும் சித்திரங்களில், வெளிறிய வானமும் கருத்த கோபுரமும் அந்தந்த மரத்துக்கு இயற்கையாகவே உள்ள நிறங்கள்; சித்திரத்தில் காணும் நிறம் ஒவ்வொன்றும் அதன் உடலாகவே இருக்கிறது. மைசூருக்கு அருகிலுள்ள பன்னூரில் அவதரித்த வியாசதீர்த்தரும் தம்முடைய நியாயாமிருதத்தில், மத்வ சித்தாந்தத்தின் சார்பில், உலகம் மித்தை என்பதற்கு விரிவான மறுப்பை எழுதி நிலைநாட்டியவர்.

நம் தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்தமும் இந்த விஷயத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. அங்கே மாயை என்பது இல்பொருள் அன்று. உடலுக்கும் கருவிகளுக்கும் உலகுக்கும் முதற்காரணமாகிய உள்பொருள். ஆணவ இருளில் அகப்பட்ட உயிருக்கு, திருவருளாகிய ஞாயிறு உதிக்கும்வரை வழிகாட்டும் சிறு விளக்காக அது உதவுகிறது என்பது ஆசாரியர்களின் கொள்கை. இவ்வாறு கொண்டால், தோற்றத்தை வெறுத்து ஒதுக்குவது நன்றி மறந்த செயலாகிவிடுகிறது.

இத்தரிசனங்களின் விவகாரத்தில் மத்தியஸ்தம் செய்யும் தகுதி எனக்கு உண்டென்று நான் கருதவில்லை. ஆனால் வானொலியை எழுதும் மாணவருக்கு இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கடமையைக் கற்பிக்கிறது என்பது எனக்குத் தெளிவாக இருக்கிறது. சித்திரம் எதன்மேல் நிற்கிறது என்பதை ஒருபோதும் மறவாதே என்கிறார் வித்யாரண்யர். சித்திரத்தைச் சூனியமென்று அலட்சியம் செய்யாதே, அதுவும் உள்ளதே என்கிறது விசிஷ்டாத்வைதம். இருளில் துணையாக வந்ததை மதித்துப் பயன்படுத்து என்கிறது சைவம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நாம் தேடிய முடிவு கிடைக்கிறது: ஒப்புமை பொய்யன்று, அதன் ஆதாரத்தை மறப்பதும் மறக்கச் செய்வதுமே பொய்.

எனவே பொய் பிறக்கும் இடம் திரையன்று, சங்கல்பம். அதே குமிழும் அதே கண்ணாடியும், 'இது நான் எழுதிய சித்திரம்' என்று சொல்லிக் காட்டும்போது கலை; இல்லாத சாதனத்தை இருப்பதாகக் காட்டி ஒருவரிடம் பணம் பறிக்கவோ, நடவாத சம்பவத்தை நடந்ததாக நிரூபிக்கவோ காட்டும்போது வஞ்சனை. புள்ளி ஒன்றும் மாறவில்லை, மனம் மாறியிருக்கிறது. புகைப்படம் என்றால் சாட்சி என்று ஜனங்கள் நம்பிப் பழகிவிட்ட இக்காலத்தில், தத்ரூபமாக எழுதக் கற்றவர்களின் பொறுப்பு, வாளேந்தக் கற்றவனின் பொறுப்புக்குச் சிறிதும் குறைந்ததன்று. சொற்களால் பொய் சொல்பவனைச் சமூகம் எளிதில் கண்டுகொள்ளும். நிழலின் ஓரத்தைக் கரைக்கவும் விளிம்பின் செம்மையை ஏற்றவும் அறிந்தவன் பொய் சொன்னால், அதைக் கண்டுகொள்ளும் சக்தி பெரும்பாலோருக்கு இல்லை. இப்பயிற்சியைப் போதிக்கும் ஆசிரியர்கள் லேயர்களின் உபயோகத்தோடு இந்த தர்மத்தையும் சேர்த்துப் போதிப்பது அவசியம் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன்.

பயிற்சியினால் உண்டாகும் சிரேயஸ் என்ன என்ற தொடக்கத்துக் கேள்விக்கு இப்போது நேராக விடை கூறலாம். தோற்றம் எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதைத் தன் கையாலேயே சமைத்து அறிந்தவனை, பிறர் சமைத்த தோற்றம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. விளம்பரத்தின் மினுக்கும் பிரசாரத்தின் சித்திரமும் எதிரே வரும்போது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எதை மூடியதனால் இது இவ்வாறு தோன்றுகிறது என்று அவன் உள்ளம் தானே கேட்கிறது. அந்தக் கேள்வியை அவன் தன் சொந்த ஆசைகளிடமும், பயங்களிடமும், நான் என்ற அபிமானத்திடமும் திருப்பிவிடுவானேயானால், பழைய நூல்கள் விவேகம் என்று போற்றிய சாதனம் அவனுக்குச் சித்தித்ததாகும். அதற்காக அவன் உலகத்தை வெறுக்க வேண்டியதில்லை. ஒரு குமிழின் விளிம்பை உள்ளபடி எழுதுவதற்கு எத்தனை பொறுமையும் மரியாதையும் தேவை என்று அறிந்தவன், அந்தக் குமிழை முதன்முதலில் வார்த்த தொழிலாளியையும், அதன்வழி இனிய குரலைக் கேட்ட குடும்பத்தையும், அவை எல்லாவற்றையும் விளங்கச் செய்யும் ஒளியையும் சேர்த்தே மதிப்பான்.

ஆகையால் மைசூரிலும் பிற ஊர்களிலும் இப்பயிற்சியை மேற்கொண்டிருக்கும் இளைஞர்கள் தங்கள் உழைப்பை வீணென்று எண்ண வேண்டாம். எழுதும்போது ஒரு நிழலையும் அலட்சியம் செய்யாமல் எழுதுங்கள். எழுதியதை எழுதியதென்றே சொல்லுங்கள். முடித்தபின் லேயர்களை ஒவ்வொன்றாக மறைத்து, குமிழும் கண்ணாடியும் பெட்டியும் இருளும் நீங்கிய பிறகு எஞ்சி நிற்பது யாது என்று ஒருமுறையேனும் பாருங்கள். இம்மூன்றையும் தவறாமல் செய்கிறவருக்குச் சித்திரத் தொழில் ஜீவனத்துக்கு மட்டுமன்றி ஆத்ம லாபத்துக்கும் வழியாகும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.